சொந்த ரத்தத்தில் ஊசி: தசைநாண் காயத்துக்கு பி.ஆர்.பி. எவ்வளவு உதவும்?

முழங்கையின் வெளிப்பக்கத்தில் ஒரே ஒரு புள்ளியில் வலி. டீ டம்ளரைத் தூக்கினால் சுள்ளென்று பிடிக்கிறது, துணி பிழிய முடியவில்லை. மாதக்கணக்கில் இருந்துகொண்டே இருக்கிறது. மருத்துவர் சீட்டில் 'டென்னிஸ் எல்போ' என்று எழுதிக் கொடுக்கிறார். மதுரையில் இந்த வலியோடு பிசியோதெரபிக்கு வருகிறவர்களில் டென்னிஸ் மட்டையைத் தொட்டவர்கள் மிகக் குறைவு. பரோட்டா மாஸ்டர்கள், பூச்சு வேலை செய்யும் கொத்தனார்கள், செல்லூர்ப் பக்கம் தறியில் உட்காருகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் ஆகியோர்தான் அதிகம். போலீஸ் தேர்வுக்காக விடிகாலையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஓடும் பிள்ளைகளுக்கு இதே மாதிரி வலி குதிகாலுக்கு மேலே வரும். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் முடிந்த கையோடு தை மாதத்தில் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு வருகிற மாடுபிடி வீரர்கள் தனி.

இவர்கள் எல்லோரும் இப்போது ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "நம்ம ரத்தத்தையே எடுத்து, மிஷின்ல சுத்தவிட்டு, வலிக்கிற இடத்துல ஊசியா போடுறாங்களாமே. போட்டுக்கிறவா சார்?" இதன் பெயர்தான் பி.ஆர்.பி. (பிளேட்லெட் ரிச் பிளாஸ்மா), அதாவது தட்டணுக்கள் செறிந்த ரத்தநீர். கொஞ்சம் வசதி உள்ளவர்கள் 'ஸ்டெம் செல்' (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) பற்றியும் கேட்கிறார்கள்.

என் பதில் பெரும்பாலும் "இப்போதைக்கு வேண்டாம்" என்பதுதான். அதை ஒரு வரியில் சொல்லி அனுப்பினால் யாருக்கும் திருப்தி இருக்காது. அந்த ஊசி என்ன செய்ய நினைக்கிறது, உண்மையில் என்ன செய்கிறது என்று தெரிந்தால் ஒவ்வொருவரும் தானே முடிவெடுத்துக்கொள்ளலாம்.

தசைநாண் என்றால் என்ன

தசை எலும்பின் மேல் நேராக ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே வெண்மையான, உறுதியான ஒரு நாண் இருக்கிறது. குதிகாலுக்கு மேலே பின்பக்கத்தை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். கெட்டியாகத் தட்டுப்படுவதுதான் உடம்பிலேயே தடிமனான தசைநாண், அக்கிலிஸ். எலும்பையும் எலும்பையும் கட்டி வைத்திருக்கும் ஜவ்வு வேறு. மூட்டுக்காயங்களில் அடிபடுவது பெரும்பாலும் அந்த ஜவ்வுதான்.

சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் தேர் இழுக்கும் வடத்தை அருகில் நின்று பார்த்திருந்தால், தசைநாணின் அமைப்பு உடனே புரியும். நார் சேர்ந்து புரி, புரி சேர்ந்து கயிறு, கயிறு சேர்ந்து வடம். எல்லாம் ஒரே திசையில், இழுவை போகும் திசையில். தசைநாணில் நாருக்குப் பதில் கொலாஜன் என்ற புரதம். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் அக்கிலிஸ் நாண் நம் எடையைப் போலப் பல மடங்கு பாரத்தைத் தாங்குவது இந்த ஒழுங்கான அடுக்கினால்தான்.

இந்த உறுதிக்கு உடம்பு ஒரு விலை கொடுத்திருக்கிறது. தசைநாணில் உயிருள்ள செல்கள் குறைவு, ரத்தக் குழாய்களும் குறைவு. தசைக்குத் தேவைப்படும் ஆக்சிஜனில் சிறு பங்குதான் அதற்குப் போகிறது. அக்கிலிஸ் நாணில் குதிகால் எலும்பிலிருந்து சுமார் 2 முதல் 6 சென்டிமீட்டர் உயரத்தில் ரத்த ஓட்டம் மிகக் குறைவு. நாண் அறுந்து வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் அறுந்திருக்கும். தோலில் கீறினால் ஒரு வாரத்தில் ஆறிவிடுகிறது. தசைநாண் காயம் ஆற மாதங்கள் ஆகும், முழு பலம் திரும்ப ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். முதல் சில நாட்கள் வீக்கம். பிறகு சில வாரங்களுக்குச் செல்கள் அவசரமாக மெல்லிய, பலம் குறைந்த ஒரு வகைக் கொலாஜனைப் பரப்புகின்றன. அதற்குப் பிறகுதான் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியான வகையாக மாறி, இழுவையின் திசையில் நேராகிறது. இந்த மூன்றாம் கட்டத்தைக் குறுக்கு வழியில் கடக்க முடியாது.

நாள்பட்ட வலியில் சிக்கல் இன்னொரு விதமானது. ஒரே அடியில் கிழிவதில்லை. தினமும் நூற்றுக்கணக்கான தடவை மணிக்கட்டை உதறி மாவை வீசும்போது மிகச் சிறிய சேதங்கள் ஏற்படுகின்றன, அவை ஆறுவதற்குள் அடுத்த நாள் வேலை வந்துவிடுகிறது. 1979-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ராபர்ட் நிர்ஷல் டென்னிஸ் எல்போ நோயாளிகளிடமிருந்து வெட்டி எடுத்த திசுவை ஆராய்ந்து எழுதினார். எல்லோரும் அழற்சி என்று நினைத்த இடத்தில் அவர் கண்டது கலைந்துபோன கொலாஜனும், முதிராத ரத்தக் குழாய்களும், பாதியில் நின்றுபோன ஆறுதலும்தான். பிற்கால ஆய்வுகளில் கொஞ்சம் அழற்சியும் தென்பட்டது என்றாலும் அந்த அடிப்படைப் படம் மாறவில்லை.

பாதியில் நின்ற ஆறுதலை மறுபடி கிளப்பிவிட முடியுமா? பி.ஆர்.பி. ஊசிக்குப் பின்னால் இருக்கும் எண்ணம் இதுதான்.

பி.ஆர்.பி. எப்படித் தயாராகிறது

டெங்கு வந்த வீட்டில் எல்லோருக்கும் பிளேட்லெட் எண்ணிக்கை மனப்பாடம். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருப்பது இயல்பு. இந்தத் தட்டணுக்களின் வேலை ரத்தத்தை உறைய வைப்பது மட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அவற்றுக்குள் சிறு பைகள் இருக்கின்றன. பைகளுக்குள் வளர்ச்சிக் காரணிகள் என்ற புரதங்கள் உள்ளன. காயம் பட்ட இடத்தில் தட்டணு உடைந்ததும் இவை வெளியேறி, அக்கம்பக்கத்துச் செல்களைப் பெருகச் சொல்கின்றன, புது ரத்தக் குழாய் விடச் சொல்கின்றன, கொலாஜன் செய்யச் சொல்கின்றன. தட்டணு உடைந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே சேமிப்பில் பெரும்பகுதி காலியாகிவிடும்.

ரத்த ஓட்டம் குறைந்த தசைநாணுக்கு இந்தத் தட்டணுக்களை நாமே கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன என்பதுதான் யோசனை. கையிலிருந்து 20 முதல் 60 மில்லி வரை ரத்தம் எடுக்கிறார்கள். உறையாமல் இருக்க சிட்ரேட் கலந்து, சுழல் இயந்திரத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ சுற்றுகிறார்கள். எடை அதிகமுள்ள சிவப்பணுக்கள் அடியில் தங்கும், மஞ்சள் நிற பிளாஸ்மா மேலே நிற்கும், நடுவில் வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் மெல்லிய படலமாக இருக்கும். தட்டணு செறிந்த பகுதியை மட்டும் பிரித்து, அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்துக்கொண்டே கெட்டுப்போன இடத்தில் செலுத்துகிறார்கள். தட்டணுக்கள் வழக்கத்தைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு செறிந்திருக்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு. தாடை எலும்பு அறுவையில் இதைப் பயன்படுத்திய அமெரிக்க மருத்துவர் ராபர்ட் மார்க்ஸின் 1998 கட்டுரைக்குப் பிறகுதான் இந்த முறை பரவலானது. விளையாட்டு வீரர்கள் வழியாக அது பிரபலமானது அதற்கும் பிறகு.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒரு பாராசிட்டமால் மாத்திரை எங்கே வாங்கினாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். பி.ஆர்.பி. அப்படி இல்லை. ஆளுக்கு ஆள் தட்டணு எண்ணிக்கை மாறும், இயந்திரத்துக்கு இயந்திரம் செறிவு மாறும். வெள்ளையணுக்களைச் சேர்ப்பவர்களும் உண்டு, நீக்குபவர்களும் உண்டு. ஒருமுறை போடுவோரும் மூன்று முறை போடுவோரும் உண்டு. ஒரே பெயரில் பல பண்டங்கள் புழங்குகின்றன. "பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டுச்சு" என்பது உங்களுக்கும் கேட்கும் என்பதற்குச் சான்றாகாததன் முதல் காரணம் இது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

2010-இல் நெதர்லாந்திலிருந்து டென்னிஸ் எல்போ பற்றி ஒரு ஆய்வு வந்தது. 100 பேர். பாதிப்பேருக்கு ஸ்டீராய்டு ஊசி, மீதிப்பேருக்கு பி.ஆர்.பி. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது பி.ஆர்.பி. போட்டவர்கள் தெளிவாக நன்றாக இருந்தார்கள். உலகம் முழுக்க நம்பிக்கை பிறந்தது.

ஆனால் பி.ஆர்.பி. நன்றாக வேலை செய்ததா, ஸ்டீராய்டு கெடுதல் செய்ததா? 2013-இல் ஆஸ்திரேலியாவில் 165 பேரிடம் நடந்த ஆய்வு பின்பாதிக்குப் பதில் சொன்னது. டென்னிஸ் எல்போவுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களுக்கு முதல் மாதம் அற்புதமாக வலி குறைந்தது. ஒரு வருடத்துக்குள் அவர்களில் 54 சதவீதம் பேருக்கு வலி திரும்பியது. வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களிடம் அது 12 சதவீதம்தான். பந்தயத்தில் பக்கத்தில் ஓடியவர் கால் தடுக்கி விழுந்தால், நாம் வேகமாக ஓடினோம் என்று ஆகிவிடாது. "ஒரு ஊசி போட்டா உடனே கேக்கும்" என்று ஸ்டீராய்டுக்கு ஓடுகிறவர்களும் இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே சரியான ஒப்பீடு உப்புநீரோடுதான். அதிலும் நோயாளிக்குத் தன் உடம்பில் எது போனது என்று தெரியக்கூடாது. நெதர்லாந்திலேயே, அதே 2010-இல், அக்கிலிஸ் வலி உள்ள 54 பேரிடம் இப்படிச் செய்து பார்த்தார்கள். எல்லோரும் பயிற்சியும் செய்தார்கள். 24 வாரத்தில் இரண்டு குழுவுமே தேறியது, வித்தியாசம் இல்லை. 2021-இல் பிரிட்டனில் 240 பேரிடம், உண்மையில் எதையும் செலுத்தாத பாவனை ஊசியோடு ஒப்பிட்டபோதும் முடிவு அதுவே. திடீரென்று அக்கிலிஸ் அறுந்த 230 பேரிடம் நடந்த இன்னொரு பிரிட்டன் ஆய்விலும் பி.ஆர்.பி. கூடுதல் பலம் எதுவும் தரவில்லை. டென்னிஸ் எல்போவுக்கு வந்த 32 ஆய்வுகளை, 2,337 பேரின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2021-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பீடு, சொல்லிக்கொள்ளும்படியான பயன் அனேகமாக இல்லை என்றது.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2014-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 230 டென்னிஸ் எல்போ நோயாளிகள் சேர்ந்தார்கள். 24 வாரத்தில் பி.ஆர்.பி. குழுவில் 84 சதவீதம் பேரும், ஒப்பீட்டுக் குழுவில் 68 சதவீதம் பேரும் தேறினார்கள். ஆனால் 24 வாரம் வரை கணக்கில் இருந்தவர்கள் ஏறத்தாழப் பாதிப்பேர்தான். கதவு முழுக்க மூடிவிடவில்லை என்று இதைப் படிக்கலாம். கைக்காசை இறைக்க இது போதாது என்பது என் கருத்து.

அப்படியென்றால் ஊசி போட்டு நன்றாகிவிட்டதாகச் சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. பி.ஆர்.பி. போடாத ஒப்பீட்டுக் குழுவில் இருந்தவர்களில் 68 சதவீதம் பேரும் தேறினார்கள் என்பதைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். டென்னிஸ் எல்போ பெரும்பாலானோருக்கு ஒன்றிரண்டு வருடத்தில் தானாகவே தணிகிறது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் ஊசிக்குப் போவோம். உச்சத்துக்குப் பிறகு இறக்கம்தானே வரும். அந்த இறக்கத்தின் பெருமை கடைசியாகச் செய்த வைத்தியத்துக்குப் போய்ச் சேருகிறது. எண்ணெய் போட்டு உருவிவிடுகிறவருக்குக் கிடைக்கும் பேரும் பலநேரம் இப்படித்தான் கிடைக்கிறது.

ஸ்டெம் செல் கதை

தசைநாணுக்கான செல் சிகிச்சையின் வரலாறு பந்தயக் குதிரைகளிடம் தொடங்குகிறது, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். பந்தயக் குதிரையின் முன்னங்காலில் உள்ள தசைநாண் அடிக்கடி நடுவில் சிதையும். ஆறினாலும் மறுபடி அதே இடத்தில் போகும், அதோடு குதிரையின் ஓட்டம் முடிந்துவிடும். பிரிட்டனின் ராயல் வெட்டரினரி கல்லூரியில் ரோஜர் ஸ்மித்தும் அவர் குழுவும் குதிரையின் எலும்பு மஜ்ஜையிலிருந்து செல்களை எடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, அந்தச் சிதைவுக்குள் செலுத்தினார்கள். 2003-இல் முதல் அறிக்கை வந்தது. பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட பந்தயக் குதிரைகளைத் தொடர்ந்து கவனித்ததில், மறுபடி காயம்படும் விகிதம் முன்பு மற்றவர்கள் எழுதி வைத்திருந்ததைவிடக் குறைவாக இருந்தது. அதே ஆய்வுக்குள் ஊசி போடாத குதிரைகளை ஒப்பீட்டுக்கு வைத்திருக்கவில்லை என்பது அதன் குறை.

குதிரைக்குச் சரிவருவது மனிதருக்கும் வரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. குதிரையின் காயம் நாணின் நடுவில் ஒரு குழி. சுற்றி நல்ல திசு இருப்பதால் செலுத்திய செல்கள் அங்கேயே தங்கும். நம் தோள்பட்டையில் நாண் கிழிவது பெரும்பாலும் எலும்போடு ஒட்டும் விளிம்பில், மூட்டு நீர் படும் இடத்தில். அங்கே எதைப் போட்டாலும் தங்குவது கடினம்.

மனிதர்களுக்கு இடுப்பு எலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி, செறிவாக்கிப் போடுகிறார்கள், அல்லது வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுக்கிறார்கள். மஜ்ஜையில் நாம் தேடும் வகை ஸ்டெம் செல் பத்தாயிரத்தில் ஒன்று முதல் லட்சத்தில் ஒன்று வரைதான். இன்னொரு தவறான எண்ணமும் பரவலாக உள்ளது. உள்ளே போன செல்கள் புதுத் தசைநாணாக மாறிவிடும் என்று நினைக்கிறோம். பெரும்பாலானவை சில நாட்களில், வாரங்களில் மறைந்துவிடுகின்றன. இருக்கும் வரை அவை வெளியிடும் புரதச் செய்திகள்தான் பயன் தருவதாக இப்போது கருதப்படுகிறது. பிரான்சில் பிலிப் எர்னிகூ குழு 2014-இல் வெளியிட்ட தோள்பட்டை ஆய்வு நம்பிக்கை தருவது. தையல் போட்டு மஜ்ஜைச் செல்களும் சேர்த்த 45 பேரில் 87 சதவீதம் பேருக்குப் பத்து வருடம் கழித்தும் தையல் நின்றது. தையல் மட்டும் போட்ட 45 பேரில் 44 சதவீதம். ஆனால் யாருக்கு எது என்று குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த ஆய்வு அல்ல அது. இதுவும் அறுவை சிகிச்சையோடு சேர்த்துச் செய்தது, தனி ஊசி அல்ல.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது: ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான மஜ்ஜை மாற்று தவிர, மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளை முறையான அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம். ஆய்வு என்றால் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் எண் இருக்கும், இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். ஆய்வில் சேருகிறவரிடம் அந்தச் சிகிச்சைக்குக் காசு வாங்கக்கூடாது. முழங்கை வலிக்கு ஸ்டெம் செல் என்று சொல்லி லட்சக்கணக்கில் கேட்டால், பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் தராத இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நிலத்தை அடகு வைத்துப் பணம் புரட்டும் குடும்பங்களுக்கு இதைச் சொல்லவே இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் செய்ய வேண்டியது

தசைநாண் செல்கள் இழுவையை உணரும். அளவான இழுவை கிடைத்தால்தான் அவை நல்ல கொலாஜனைச் செய்து, சரியான திசையில் அடுக்கும். இது எந்த ஊசிக்கும் பொருந்தும். பி.ஆர்.பி. போட்டாலும் பயிற்சி இல்லாமல் நாண் பலப்படாது. 1998-இல் சுவீடனின் ஹோகன் ஆல்ஃபிரட்சன், அக்கிலிஸ் வலியால் அறுவைக்குக் காத்திருந்த 15 ஓட்டக்காரர்களுக்கு ஒரு எளிய பயிற்சி கொடுத்தார். படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தால் நின்று, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குவது. முழங்காலை நேராக வைத்து 15 தடவை மூன்று சுற்று, மடக்கி வைத்து அதே அளவு, காலையும் மாலையும், 12 வாரம். 15 பேரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். சிறிய ஆய்வுதான், ஆனால் அதன் வழியில் நடந்த பிற்கால ஆய்வுகள் பயிற்சியை முதல் மருந்தாக நிலைநிறுத்தின.

முழங்கைக்கு: முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, பாதி நிரப்பிய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, மணிக்கட்டை மெதுவாக இறக்க வேண்டும். மேலே தூக்க மறுகையால் உதவலாம். செய்யும்போது கொஞ்சம் வலி இருக்கலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் எடையைக் குறைக்க வேண்டும். பரோட்டா மாஸ்டரிடம் "ரெண்டு மாசம் லீவு போடுங்க" என்பது அர்த்தமில்லாத அறிவுரை, தினக்கூலி போய்விடும். வீசுகிற வேலையைப் பிசைகிற ஆளோடு மாற்றிக்கொள்ளலாம், முன்கையில் பட்டை கட்டலாம், மேசை உயரத்தைச் சரிசெய்யலாம். சர்க்கரை நோய் இருந்தால் அதைக் கட்டுக்குள் வைப்பதும் வைத்தியத்தில் பாதி. சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்குகள் தசைநாணை அறுக்கக்கூடியவை என்று அமெரிக்க மருந்துத் துறை 2008-இலேயே எச்சரித்திருக்கிறது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்காதீர்கள்.

இதைச் சரியாக ஆறு மாதம் செய்தும் வலி மாறவில்லை, ஸ்கேனில் நாண்தான் கெட்டிருக்கிறது என்று உறுதியாகிவிட்டது, அறுவைக்கு மனம் வரவில்லை என்றால் பி.ஆர்.பி.யை யோசிக்கலாம். சொந்த ரத்தம் என்பதால் ஒவ்வாமைக்கு வாய்ப்பு குறைவு. முதல் சில நாள் வலி கூடும். ஊசிக்கு முன்னும் பின்னும் டைக்லோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை கூடாது, தட்டணுவின் வேலையை அவை கெடுக்கும். இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் மட்டும் தாமாக அதை நிறுத்தவே கூடாது, இதய மருத்துவரைக் கேட்க வேண்டும்.

மேலே சொன்ன பொறுமை எல்லாம் நாள்பட்ட வலிக்குத்தான். ஓடும்போது பின்னங்காலில் யாரோ அடித்ததுபோல் 'டப்' என்று உணர்ந்து, அதன்பின் ஒற்றைக்கால் நுனியில் நிற்க முடியவில்லை என்றால் அக்கிலிஸ் அறுந்திருக்கலாம். மாடு தூக்கி எறிந்த பிறகு கையைப் பக்கவாட்டில் உயர்த்த முடியவில்லை என்றால் தோள்பட்டை நாண் முழுதாகக் கிழிந்திருக்கலாம். நாள் போகப்போக அறுந்த முனை உள்ளே இழுத்துக்கொள்ளும், தசையில் கொழுப்பு படியும், பிறகு தைத்தாலும் பிடிக்காது. உருவிவிட்டுக் கட்டுப் போட்டுக்கொண்டு ஒரு மாதத்தைக் கழிக்காமல், அரசு இராசாசி மருத்துவமனை எலும்பு மூட்டுப் பிரிவுக்கோ பக்கத்திலுள்ள எலும்பு மருத்துவரிடமோ அந்த வாரமே போய்க் காட்டிவிடுங்கள்.